வசூலும் மகசூலும் உறவா?

கேள்வி: சுங்கச்சாவடியில் ‘வசூல்’, வயலில் ‘மகசூல்’, அலுவலகத்தில் ‘தாசில்தார்’. மூன்றும் ஒரே வேரா? அரபும் தமிழும் உறவு மொழிகளா? – வாசகர், தொப்பூர்

பதில்: காதை நம்பினால் வசூலும் மகசூலும்தான் உடன்பிறப்புகள். மெய்யொலிகளைப் பார்த்தால் கதை மாறும். அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களில் வேர்கொள்பவை. உயிரொலியும் முன்னொட்டும் மாற மாறப் புதுச்சொல் முளைக்கும். ‘ஹ-ஸ-ல’ (கிடைத்தல்) தந்தவை மஹ்ஸூல், தஹ்ஸீல். நம் மகசூலும் தாசிலும் அவையே. ‘வ-ஸ-ல’ (வந்துசேர்தல்) வேறு வேர். அதன் வுஸூல்தான் வசூல். இவை பாரசீகச் சொற்கள் அல்லவா என்று கேட்கலாம். வந்த வழி பாரசீகம். ‘தார்’ என்ற ஈறும் அதனுடையதே. ஆனால் வேருக்குள் உயிரை மாற்றிச் சொல் படைப்பது அரபின் இலக்கணம்.

அதனால் தமிழும் அரபும் உறவாகிவிடாது. பாக்கி, ஜப்தி, வக்கீல், ஆஜர் என்று இந்த இரவல்களில் பல வரியையும் வழக்கையும் சுற்றியே நிற்கின்றன. ஆட்சியோடு வந்தவை அவை. குடும்ப உறவை அன்றாட அடிப்படைச் சொற்களிலும் இலக்கணத்திலும்தான் தேட வேண்டும். இறப்பதைக் குறிக்க அரபில் ‘மாத்த’, எபிரேயத்தில் ‘மேத்’, பண்டை எகிப்தில் ‘ம-த’, மேற்கு ஆப்பிரிக்க ஹௌசாவில் ‘முத்து’. ஆப்பிரிக்க-ஆசியக் குடும்பம் என்று இவற்றைச் சேர்த்துப் பேசுவது இலக்கண ஒற்றுமைகளோடு இத்தகைய சொல் ஒற்றுமைகளாலும்தான். நமக்கோ ‘சா’, கன்னடத்தில் ‘சாயு’, தெலுங்கில் ‘சச்சு’. தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் ‘மௌத்’ அந்தக் குடும்பத்துச் சொல்லாயிற்றே என்றால், ஆம். மார்க்கத்தோடு வந்து, ‘சா’வை விரட்டாமல் அதன் பக்கத்தில் குடியேறிய சொல் அது.