வீடியோவில் முகம் மாற்ற ஆசையா?

தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு, பேரன் ஆடிய குத்தாட்டத்தில் தாத்தா முகத்தை ஒட்டிச் சிரிக்க வைக்கலாம். வீடியோ எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும்.

● 5 விநாடிக் காட்சியில் தொடங்குங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் அதுவே 125 படங்கள்! தலை அதிகம் திரும்பாத, கை முகத்தை மறைக்காத காட்சியாக இருக்கட்டும்.

● வீடியோவில் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறதோ, அதே வாகில் தாத்தாவைப் புகைப்படம் எடுங்கள்.

● புகைப்படத்திலிருந்து முகத்தை வெட்டியதும் பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக்கில் பின்னணி வெள்ளைக் கட்டமாக வந்து நிற்கும்.

● வெட்டிய ஓரத்தை 'ஃபெதர்' கொடுத்து மென்மையாக்குங்கள். இல்லாவிட்டால் காலண்டர் படத்தைக் கத்தரித்து ஒட்டியது போலிருக்கும்.

● ஒட்டிய முகம் தலையோடு சேர்ந்து நகர, ரிசால்வின் ஃபியூஷன் பக்கத்திலுள்ள டிராக்கரில் இரண்டு கண்களின் ஓரங்களையும் புள்ளிகளாக வையுங்கள். ஒரு புள்ளி இடத்தை மட்டுமே பின்தொடரும். இரண்டு இருந்தால் தலை சாய்வதும், கேமராவை நெருங்குவதும் பிடிபடும். புள்ளி வழுக்கினால் அந்த ஃபிரேமிலேயே நிறுத்தித் திருத்துங்கள்.

● கடைசியாக நிறத்தைப் பொருத்துங்கள். வீடியோ சற்று மங்கல் என்றால் முகத்துக்கும் லேசாக 'பிளர்' தேவை.

கவனம்: முகத்துக்கு உரியவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். பகிரும்போது 'இது எடிட் செய்தது' என்று திரையிலேயே எழுதிவிடுங்கள்.