இருநூறு ரூபாய்க் கத்தியும் இரண்டாயிரம் ரூபாய்க் கத்தியும்

கிருஷ்ணகிரிப் பக்கம் மா ஒட்டுக் கட்டும் தொழிலில் இருப்பவன் நான். எங்கள் நாற்றங்காலில் இருநூறு ரூபாய் உள்ளூர் மடக்குக் கத்தியும் புழங்குகிறது, அதைப்போலப் பத்து மடங்கு விலையுள்ள ஸ்விட்சர்லாந்துக் கத்தியும் புழங்குகிறது. புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் "எதுண்ணே வாங்கலாம்?" என்பார்கள். "சாணை பிடிக்கத் தெரியுமா தம்பி?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். அதற்கு வரும் பதிலைப் பொறுத்துத்தான் எந்தக் கத்தி லாபம் என்று சொல்ல முடியும்.

ஒட்டுக் கட்டுவதில் கத்திக்கு ஒரே ஒரு பரீட்சை. ஒட்டுக்குச்சியின் அடியை இருபக்கமும் ஆப்பு வடிவில் சீவ வேண்டும். சீவிய முகத்தை வெயிலில் காட்டினால் மேடுபள்ளம் இல்லாமல் பளபளக்க வேண்டும். கூர் மழுங்கியிருந்தால் நார் நாராக நிற்கும். அல்லது நடுவில் குழி விழும். வேர்ச்செடியின் பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்திசுவும் குச்சியின் வளர்திசுவும் ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். இடைவெளி விழுந்தால் குச்சி காய்ந்துவிடும். அதனால் கத்தியின் விலையைப் பட்டுப்போகும் செடிகளோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கூடுதல் காசு எதற்கு?

1884-இல் ஸ்விட்சர்லாந்தின் இபாக் ஊரில் தொடங்கிய விக்டோரினாக்ஸ், கத்தி அலகின் கடினத்தை ராக்வெல் அளவுகோலில் 56-ஐ ஒட்டி வைக்கிறது. இதைவிடக் கடினமான எஃகு எத்தனையோ உண்டு. ஆனால் கடையில் எந்தக் கத்தியைக் கையில் எடுத்தாலும் பதம் ஒன்றுபோல இருக்கும். நாம் காசு கொடுப்பது அதற்குத்தான். உள்ளூர் மலிவுக் கத்திகளில் ஒரே பெட்டிக்குள் ஒன்று நாள் முழுக்கக் கூர் நிற்கும், அடுத்தது பத்துக் குச்சியில் முனை மடங்கிவிடும். எஃகு மோசம் என்று எப்போதும் சொல்ல முடியாது. காய்ச்சித் தோய்த்துப் பதம் ஏற்றுவதில்தான் ஏற்ற இறக்கம். தொழிற்சாலை செய்ய வேண்டிய தரச் சோதனையை அங்கே நாம் செய்கிறோம். அந்த வேலைக்கான கூலிதான் விலையில் குறைகிறது.

கடையில் பார்க்க வேண்டியவை

கத்தியை விரித்து, அலகைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆணியில் ஆட்டம் இருந்தால் வேண்டாம்.

மடக்கியதும் கூர்முனை பிடிக்குள் முழுதாக அடங்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பையைக் கிழிக்கும், விரலையும் கிழிக்கும்.

விரிக்கும்போது வில் 'டக்'கென்று விழ வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால், அழுத்தி வெட்டும்போது மடங்கி விரலில் இறங்கும்.

ஒட்டுக்கத்தி என்றால், பெரும்பாலும் ஒரு பக்கம்தான் சரிவு இருக்கும். மறுபக்கம் தட்டையாக இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

நல்ல கடைக்காரர் நாலைந்தை எடுத்துப் போட்டுப் பொறுக்கவிடுவார். பொறுக்கி எடுத்த உள்ளூர்க் கத்தி எங்களிடம் வருடக்கணக்கில் உழைக்கிறது.

வெளிநாடு என்றாலே தரமா?

இல்லை. பத்துப் பதினைந்து கருவிகளை அடைத்து, பெயர் தெரியாத வெளிநாட்டு முத்திரையோடு மலிவாக வரும் கத்திகள்தான் காசுக்குக் கேடு. அலகில் வெறுமனே '440' என்று பொறித்திருப்பதை நம்பி வாங்காதீர்கள். 440ஏ என்ற எஃகு வகையில் கார்பன் 0.60 முதல் 0.75 சதவீதம், 440சி-யில் 0.95 முதல் 1.20 வரை. எழுத்து இல்லாத எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பிரான்சின் ஓப்பினெல் 1890 முதல் வருகிறது. அலகைப் பூட்டும் வளையம் 1955-இல் சேர்ந்தது. கார்பன் எஃகிலும் துருப்பிடிக்காத எஃகிலும் கிடைக்கிறது. நம் வேலைக்கு இந்த வித்தியாசம் முக்கியம். மாம்பால் பட்டால் கார்பன் எஃகு கறுக்கும், துடைக்காமல் வைத்தால் துருவும் பிடிக்கும். ஆனால் கல்லில் சீக்கிரம் கூர் ஏறும். மரப்பிடி எந்த நாட்டுக் கத்தியில் இருந்தாலும் மழைக்காலத்தில் ஊதி இறுகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாணையில் போகும் காசு

விலை உயர்ந்த கத்தியைத் தெருவில் சுழலும் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் தீப்பொறி பறக்கத் தேய்க்கும்போது விளிம்பு நீலம் பாய்ந்தால், அந்த இடத்தில் சூடு 300 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போயிருக்கிறது என்று அர்த்தம். பதம் இறங்கிவிடும். நீலம் தேய்ந்து நல்ல எஃகு வரும்வரை கூர் நிற்காது. அதற்குள் பாதி அலகு போயிருக்கும். இரண்டாயிரம் ரூபாய்க் கத்தி ஐந்தே நிமிடத்தில் இருநூறு ரூபாய்க் கத்தியாகிவிடும். ஆயிரம் என்று எண் போட்ட தண்ணீர்க்கல் ஒன்றும் பழைய தோல் பெல்ட் ஒன்றும் இருந்தால் போதும். சரிவுப் பக்கத்தைக் கல்லில் படிய வைத்துத் தேயுங்கள். தட்டைப் பக்கத்தில் எழும் பிசிரை மட்டும் ஓரிரு இழுப்பில் எடுங்கள். கடைசியில் தோலில் பின்பக்கமாக இழுங்கள்.

என் யோசனை

தொழில் பழகுகிறவர், கத்தியை அடிக்கடி தொலைப்பவர், பார்சல் பிரிக்கவும் பழம் நறுக்கவும் தேடுபவர் உள்ளூர்க் கத்தி வாங்கினால் போதும். மிச்சக் காசில் கல் வாங்கட்டும். நாள் முழுக்க ஒட்டுக் கட்டுகிறவர், கல்லில் கை பழகிய பிறகு, வெளிநாட்டுக் கத்தி ஒன்றைத் துணிந்து வாங்கலாம். அதையும் குச்சி சீவ மட்டும் வைத்துக்கொண்டு, கயிறு அறுக்கவும் பை கிழிக்கவும் பழைய உள்ளூர்க் கத்தியையே எடுக்கட்டும். விமானத்தில் போகும்போது எந்தக் கத்தியையும் கைப்பையில் வைக்காதீர்கள். சோதனையில் பறிபோனால், எவ்வளவு பார்த்து வாங்கியதும் நஷ்டம்தான்.