இசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தல்

மக்கள் வாங்கும் பொருள்கள் இரு வகையின. வாங்கிய அன்றே பயன் தந்து தீர்வன ஒருவகை. வாங்கியோர் பல்லாண்டு பயின்றாலன்றிப் பயன் தாராதன மற்றொரு வகை. இசைக்கருவி இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஆதலின், அதனை வாங்குவோர் கடையின் ஒளி கண்டு மயங்குதல் கூடாது. திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். அஃது ஆட்களைத் தேரும் முறையைக் கூறுவதாயினும், பொருள்களைத் தேர்வார்க்கும் வழிகாட்டும்.

விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசியை அடுத்துள்ளது நாரணாபுரம். மழை குறைந்த இவ்வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் மக்களுக்கு வாழ்வளிக்கின்றன. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பின்னரே இங்கு அதனைத் தொடங்கினர். முதலில் கல்வி, பின்னர் முதலீடு என்பது இம்மண் நமக்குக் கற்பிக்கும் பாடம். பட்டாசு ஆலையிற் கூலி பெறும் இல்லத்தில், பிள்ளை ஒருவன் மின்னிசைப் பலகை வேண்டுமெனக் கேட்பானாயின், பெற்றோரின் பல திங்கள் உழைப்பு அதற்கு விலையாகும். தேர்விற் பிழை நேரின், பணம் வீணாவதோடு அப்பிள்ளையின் ஆர்வமும் வாடும்.

இப்பலகைக்கு முன்னோடி ஆர்மோனியம். ஐரோப்பாவிலிருந்து வந்த அக்கருவி, சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) வாழ்ந்த காலத்து நாடக மேடைகளில் நடிகர் பாட்டுக்குத் துணைநின்றது. 'ஒரு கட்டை', 'ஐந்து கட்டை' என நம் பாடகர் சுருதியைக் குறிக்கும் வழக்கும் அதன் கட்டைகளிலிருந்து பிறந்ததே. வெள்ளைக் கட்டைகள் ஒன்று முதல் ஏழு வரை எண்ணப்பெறும். அவற்றின் இடையே உள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நான்கரை, ஐந்தரை, ஆறரை எனப்படும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்புக் கட்டை இல்லை. ஆகவே மூன்றரைக் கட்டை என்பதும் இல்லை. இங்ஙனம் ஏழும் ஐந்துமாகப் பன்னிரண்டு கட்டைகள் ஒரு தாயி ஆகும்.

இத்துணைப் பழகிய ஆர்மோனியத்தை, அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் ஒலிபரப்பினின்றும் விலக்கியது. அவ்விலக்கு முப்பது ஆண்டளவு நீடித்தது. அதற்குக் கூறப்பட்ட காரணங்களை நாம் நன்கு உணர்தல் வேண்டும். நம் இசைக்கு உயிராவது கமகம். ஒரு சுரம் மற்றொரு சுரத்தை நோக்கி அசைந்தும் வழுக்கியும் செல்வதே கமகம். வீணையில் நரம்பை இழுத்தும், நாகசுரத்தில் மூச்சை ஆண்டும் அதனைத் தோற்றுவிப்பர். ஆர்மோனியத்தின் கட்டையோ தன் இடத்தை விட்டு அசையாது. மேலும், அதன் சுரங்கள் தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பகுத்து அமைத்தவை. இயற்கையான அந்தர காந்தாரம் ஆதார சட்சத்தைப்போல் 1.25 மடங்கு அதிர்வுடையது. சமபங்கு முறையிலோ அஃது ஏறத்தாழ 1.26 மடங்காகும். வேறுபாடு சிறிதே, எனினும் பழகிய செவி அதனை அறியும்.

அக்குறையை ஓரளவு போக்கவல்லது சிந்தசைசர். இராபர்ட் மூக் என்னும் அமெரிக்கர் 1964ஆம் ஆண்டில் இத்தகைய கருவி ஒன்றை உருவாக்கினார். பட்டாசு செய்வோர் சிவந்த ஒளிக்கு ஸ்ட்ரான்சியம் உப்பைக் கலத்தல்போல, இக்கருவி மின்னலைகளைக் கலந்தும் வடித்தும் விரும்பிய ஒலியைப் படைக்கும். ஆயத்தமான ஒலிகளையும் தாளங்களையும் மட்டும் தரும் சாதாரணக் கீபோர்டு இதனின் வேறானது. தொடக்க மாணவர்க்கு அதுவே போதும். ஒலியைத் தாமே படைக்க விழைவோர்க்குச் சிந்தசைசர் வேண்டும். இரண்டன் நோக்கையும் அறியாது வாங்குவோர் பின்னர் வருந்துவர்.

இனி, கடையில் நோக்கத்தக்கவற்றைக் காண்போம். முதலாவது, கட்டைகளின் அளவும் எண்ணும். மேலைப் பியானோவுக்கு 88 கட்டைகள் உண்டு. நம் பாடல்களுக்கு ஐந்து தாயி கொண்ட 61 கட்டைகள் போதும். ஆயின், கட்டைகள் முழு அளவின ஆதல் வேண்டும்; குறுகிய கட்டையிற் பழகிய விரல் பெரிய கட்டையில் தடுமாறும். இரண்டாவது, தொடுவுணர்வு. மெல்லத் தொட்டால் மெல்லவும், அழுந்தத் தொட்டால் உரக்கவும் ஒலித்தல் வேண்டும். மூன்றாவது, சுரத்தை வளைக்கும் சக்கரம். கமகத்தின் சாயலைத் தருவது இதுவே. விலை குறைந்த பல கருவிகளில் இஃது இல்லை. நான்காவது, சுருதி மாற்றும் வசதி. இதனால் பாடுவோர் கட்டைக்கு ஏற்பக் கருவியை எளிதில் அமைக்கலாம். ஐந்தாவது, 1983ஆம் ஆண்டில் வெளிவந்த 'மிடி' என்னும் பொதுமுறை. இம்முறை அமைந்த கருவியைக் கணினியோடு இணைக்கலாம்.

இவற்றை ஆராய்ந்த பின், சட்சத்தை நெடிது ஒலிக்கச் செய்து, கண்ணை மூடிக் கேட்க. பிறகு ஒவ்வொரு கட்டையையும் அழுத்திப் பார்க்க. பயன்படுத்திய கருவியாயின், மின்கலம் வைக்கும் அறையில் துரு உளதா என்றும் நோக்குக. ஐந்நூறு ஒலிகள் உள என்னும் புகழுரையினும், நாள்தோறும் கேட்கத்தக்க ஓர் இனிய ஒலியே சிறந்தது. வாங்கிய கருவியை வெயிலினின்றும் புழுதியினின்றும் காத்தல் கடன். துணியுறை ஒன்று தைத்தால் அது பல்லாண்டு உழைக்கும்.

மாணவர்களே! கருவி எத்துணைச் சிறந்ததாயினும் தானே பாடாது. தாளத்தைத் தானே கொட்டும் பொறியும் கேட்போர்க்கு வியப்பைத் தருமேயன்றி, வாசிப்போர்க்குப் புலமையைத் தாராது. குடும்பத்தின் ஆற்றலுக்கு ஏற்ற கருவியைத் தெரிந்து வாங்குக. வாங்கியதை நாள்தோறும் பயில்க. பெற்றோர் உழைப்புக்கு நீவிர் செய்யும் கைம்மாறு அதுவே ஆகும்.

பயிற்சி

1. வானொலி ஆர்மோனியத்தை விலக்கியதற்குரிய காரணங்களை விளக்குக.
2. 'மூன்றரைக் கட்டை' என்னும் வழக்கு இல்லாமை ஏன்?
3. நும் ஊரில் இசை பயில விரும்பும் ஏழை மாணவர் ஒருவர்க்கு எத்தகைய கருவியை வாங்கச் சொல்வீர்? காரணம் காட்டி எழுதுக.