நம் ஊரின் இலையுதிர் காலச் சுற்றுலா

குளிர் நாடுகளில் அக்டோபர் மாதத்தில் இலைகள் மஞ்சளும் சிவப்புமாகி உதிரும். பச்சையம் சிதைவதால் மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளிப்படுகிறது. சில மரங்களில் சிவப்பு நிறமி புதிதாக உண்டாகிறது. நம் விருதுநகரிலோ அக்டோபர் மழைக்காலம். இங்குள்ள மரங்கள் கோடை வறட்சியில் நீரைச் சேமிக்கவே மாசி, பங்குனியில் இலையுதிர்க்கின்றன. வாதாம் மரத்து இலைகள் உதிருமுன் செக்கச் சிவப்பதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா?

ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்புக்கு நாம் மாசியில் செல்லத் திட்டமிடலாம். 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அது. வனத்துறையின் அனுமதி அவசியம்.

சருகுக்கு ஒரு பொறி போதும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றோர் பலர் மாண்டனர். தீப்பெட்டி நமக்குச் சோறு போடுகிறது; எனினும் காட்டுக்குப் போகும் நாளில் அதனை வீட்டிலேயே வைத்துச் செல்வோமாக!