பறிக்க வேண்டாம், பொறுக்குங்கள்

பெருநெல்லி குன்னூர்க் குளிரில் மனம் வைத்துக் காய்ப்பதில்லை. அதற்கு மேட்டுப்பாளையம் பக்கத்து வெயில் வேண்டும். எங்கள் கொல்லைக்கு ஒத்துவந்தது கேப் கூஸ்பெரி. பெயரில்தான் நெல்லி, குடும்பமோ தக்காளி, உருளைக்கிழங்குடையது. தென்னமெரிக்க ஆண்டீஸ் மலைச்செடி. தேயிலைத் தோட்ட ஓரங்களில் தானாகவும் முளைத்துக் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பெரிய சொடக்குத் தக்காளி நன்றாகத் தெரியும்.

விதைக்கு நன்கு பழுத்த பழம் ஒன்றே போதும். தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையை நிழலில் உலர்த்தி, மாசியில் தட்டில் தூவுங்கள். முளைக்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். அவசரப்பட்டு மண்ணைக் கிளறக் கூடாது. சித்திரையில் மூன்றடி இடைவெளி விட்டு நடலாம். நம் மலை மண்ணில் புளிப்பு அதிகம், நடுவதற்கு முன்பே கொஞ்சம் டோலமைட் கலந்துவிடுவது நல்லது. உருளைக்கிழங்கு போட்டு எடுத்த பாத்தியைத் தவிர்த்துவிடுங்கள். அதன் நோய்கள் இதற்கும் வரலாம்.

செடியைச் செல்லம் கொடுத்துக் கெடுப்பவர்களே அதிகம். தொழு உரத்தை அள்ளிப் போட்டால் ஆளுயரத்துக்கு இலைதான் வரும், காய் வராது. நடும்போது இரண்டு கை உரம் இட்டால் போதும். அதைவிட முக்கியம் வடிகால். வேரில் நீர் தேங்கினால் ஒரே வாரத்தில் செடி துவண்டுவிடும். சரிவிலோ மேட்டுப்பாத்தியிலோதான் நட வேண்டும். கிளைகள் பாரம் தாங்காமல் படுத்துவிடும் என்பதால் ஊன்றுகோலும் அவசியம். மஞ்சள் பூ விரியும் நாட்களில், வெயில் ஏறியபின் கிளையை லேசாக உலுக்கிவிட்டால் காய்ப்பிடிப்பு கூடும்.

பூத்ததிலிருந்து பழுக்க எழுபது எண்பது நாள். பச்சை உறை வெளுத்து, நரம்போடிய காகிதம்போல் சலசலக்கும். பழம் தானே கீழே விழும். அப்போது பொறுக்கினால்தான் அந்தப் புளிப்பும் இனிப்பும் சேர்ந்த ருசி. பறித்த காய்க்கு அது வராது. காலையில் கொண்டைக்குருவிகள் வருவதற்குள் நாம் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

ஊட்டிப் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு உறைபனிதான் எதிரி. மார்கழி, தையில் ஒரே இரவில் செடி கருகிவிடும். தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளை மூடும் கோத்தகிரி மிளார் செடிகளாலேயே இதையும் மூடலாம். பனிக்காலம் கழிந்ததும் கவாத்து செய்தால் மறுபடி தழைக்கும். ஆனால் இரண்டாம் ஆண்டுப் பழம் சிறுத்துவிடுகிறது. புது நாற்று போடுவதே மேல் என்பது என் கட்சி.

உறையோடு உலர்ந்த இடத்தில் வைத்தால் பழம் ஒரு மாதம் தாங்கும். பெக்டின் நிறைய இருப்பதால் ஜாம் தானே இறுகும். பச்சைக்காயில் நச்சுத்தன்மை உண்டு. பொன்னிறமாகப் பழுத்ததை மட்டுமே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.