ஏற எஞ்சின், இறங்க டயர்

மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்குப் பழகிவரும் தம்பிக்கு,

நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும் வேக வாகனமொன்றுக்கு டயர் தேடுபவர், அந்த அமைப்பு எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். விசை நான்காகப் பகிரப்படுவதால் ஈரமான ஏற்றத்திலும் சக்கரம் வெறுமனே சுழலாமல் வண்டி முன்னே பாய்கிறது என்பது உண்மையே. ஆயினும் பிரேக் பிடிக்கும்போது எல்லாக் கார்களும் நான்கு சக்கரங்களால்தான் நிற்கின்றன என்பதால், நிற்பதில் லான்சர் எவலூஷன், இம்ப்ரேசா போன்ற இவ்வகைக் கார்களுக்கு அவ்வமைப்பினால் கூடுதல் சலுகை எதுவும் கிடைப்பதில்லை. ஏறும்போது டயரின் குறையை எஞ்சின் மறைத்துவிடுகிறது. நானுஓயாவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கும்போது அதை மறைக்க எதுவும் இல்லை. ஆகவே ஏற்றத்தில் கிடைத்த நம்பிக்கையைக் கொண்டு தம்பி டயரை மதிப்பிடலாகாது.

மஹகஸ்தோட்டைப் போட்டி 1934ஆம் ஆண்டிலிருந்து அறியப்பட்டது. நுவரெலியாவின் ஏப்ரல் வசந்த காலத்தோடு சேர்த்தே பேசப்படுவது. அதைப் பார்த்துவிட்டு வரும் இளைஞர் பலர் வாங்க விரும்புவது 'செமி ஸ்லிக்' எனப்படும் டயரை, அதாவது வெட்டுக்கள் மிகக் குறைவாகவும் இறப்பர் மிக மென்மையாகவும் உள்ள, பந்தயத்துக்கும் வீதிக்கும் நடுவிலான வகையை. அந்த இறப்பர் சூடேறிய பிறகே தன் முழுப் பிடிமானத்தையும் தரும். மலையேற்றப் போட்டியிலோ ஒவ்வோர் ஓட்டமும் ஓரிரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால், குளிர்ந்த காலைப் பொழுதில் அது சூடாகும் முன்பே எல்லைக்கோடு வந்துவிடுகிறது. போட்டிக்கென்று தனியாக ஒரு தொகுதி டயரும் அதை ஏற்றிவர இன்னொரு வாகனமும் உள்ளவருக்கு அது பொருந்தலாம். அதே காரில் வீடு திரும்ப வேண்டியவருக்கு அது தவறான தெரிவு.

மலையகத்து வீதிக்கு உரியது ஈரப் பிடிமானமே. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழை கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கத்தை நனைக்க, ஆண்டின் இறுதியில் வரும் வடகீழ்ப் பருவமழை மலையின் மறுபக்கத்தை நனைக்கிறது; மழை இல்லாத நாளிலும் மூடுபனியும், யூக்கலிப்டஸ் நிழலில் காயாத பாசியும், கொழுந்து லொறிகள் தோட்டத்து ரோட்டிலிருந்து இழுத்துவரும் சேறும் காப்பட் வீதியை வழுக்கலாக்குகின்றன. இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். தேங்கிய நீரின் மேல் டயர் மிதப்பதையே பலர் அஞ்சி, ஆழமான வெட்டுக்களை மட்டும் தேடுகின்றனர். விமானச் சக்கரங்களுக்காக 1960களில் நாசா ஆய்வாளர்கள் வகுத்த கணக்கின்படி, சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் காற்றுள்ள டயர் மிதக்கத் தொடங்குவது மணிக்கு ஏறத்தாழ 95 கிலோமீற்றர் வேகத்தில். கொண்டையூசி வளைவில் அந்த வேகத்தை எவரும் எட்டுவதில்லை. வளைவில் வழுக்குவதற்குப் பெரும்பாலும் இறப்பர்க் கலவையே காரணம். 1990களிலிருந்து வீதி டயர்களில் பரவிய சிலிக்கா, அதாவது மணலின் இனத்தைச் சேர்ந்த நுண்தூள், குளிர்ந்த ஈரத் தரையில் இறப்பரை இளக்கமாக வைத்திருப்பதால், அத்தகைய கலவையுள்ள தரமான கோடைகால வீதி டயரே தம்பிக்கு ஏற்றது. ஜப்பானிலிருந்து வந்த பழைய வாகனங்களோடு சில வேளை வந்துசேரும் பனிக்கால டயர்களை, வெட்டு எவ்வளவு ஆழமாக இருந்தாலும், கழற்றிவிட வேண்டும்.

அடுத்தது, நான்கு டயர்களும் சேர்ந்து ஒரே உதிரிப்பாகம் என்பது. 235/45 ஆர் 17 அளவுள்ள புதிய டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2,020 மில்லிமீற்றர். அதன் மேற்பரப்பு 5 மில்லிமீற்றர் தேய்ந்தால் சுற்றளவு 31 மில்லிமீற்றர் குறைந்து, அந்தச் சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுழல வேண்டியதாகிறது. முன் பின் அச்சுகளுக்கிடையே இருந்து இந்த வேறுபாட்டைச் சமன்செய்வது நடு டிஃபரன்ஷியல். அதில் சிலிக்கோன் திரவத்தால் இயங்கும் இணைப்பு உள்ள வாகனங்களில், ஓயாத வேறுபாடு திரவத்தைச் சூடாக்கி நாளடைவில் இணைப்பையே கெடுத்துவிடும். இம்ப்ரேசாவைத் தயாரிக்கும் சுபாரு நிறுவனம் நான்கு டயர்களின் சுற்றளவு வேறுபாட்டை 6 மில்லிமீற்றருக்குள் வைக்கச் சொல்கிறது. அது தேய்மானத்தில் 1 மில்லிமீற்றருக்கும் குறைவு. ஒரு டயர் வெடித்தால் ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனமாகத் தோன்றும். டிஃபரன்ஷியலின் விலையைக் கேட்டறிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது என்பதால், மலையகத்தில் ஓடும் இவ்வகைக் கார்கள் பெரும்பாலும் பழையவை. அவற்றின் உதிரிப்பாகம் எளிதில் கிடைப்பதில்லை.

காற்றழுத்தத்தில் மலை ஒரு விந்தை செய்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாதலால், கொழும்பில் 32 இறாத்தல் காட்டிய டயர் இங்கே ஏறத்தாழ 3 இறாத்தல் கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் 30 பாகையிலிருந்து 15 பாகைக்கு இறங்கும் குளிர் இரண்டுக்குச் சற்று மேல் குறைத்துவிடுவதால், அளவுமானி கிட்டத்தட்டப் பழைய எண்ணையே காட்டுகிறது. எனவே எண் மாறவில்லை என்று தம்பி ஆறுதலடையாமல், போட்டி நாளில் வெயில் ஏறியதும் மறுபடி அளக்க வேண்டும். வெப்பம் 10 பாகை உயர்ந்தால் 1.5 இறாத்தல் கூடும்.

தோட்டத்து ரோட்டின் உடைந்த விளிம்பும் கானும் பக்கச்சுவர் தாழ்ந்த டயரைக் கிழிக்கும் என்பதால், தோற்றத்துக்காக 18 அங்குல ரிம்முக்கு மாறாமல் 17 அங்குலத்திலேயே நிற்பது நல்லது. பக்கச்சுவரில் டயரின் வயதைச் சொல்லும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு உற்பத்தியான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நான்கு டயர்களிலும் அவற்றை வாசித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

புதிய டயரைச் சோதிக்க நானுஓயாவுக்கு அருகே சரிந்து இறங்கும் ரதல்ல குறுக்கு வீதியைத் தம்பி தேர்ந்தெடுக்க வேண்டாம். 2023 ஜனவரியில் அந்தச் சரிவில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி 7 பேர் இறந்தனர்.