ஜிப்ஸியின் கணப்புப் பெட்டி

மதுரையிலோ சென்னையிலோ மோட்டார் வண்டிக்குக் கணப்பு வேண்டும் என்று ஒருவன் சொன்னால், அவனை வைத்தியரிடம் அழைத்துச் செல்வார்கள். வடக்கே வந்து ஒரு மார்கழியைக் கழித்த நமக்கு அந்தச் சிரிப்பு வராது.

சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு, எங்கள் துறையின் பழைய ஜிப்ஸியில் ஐந்து பேர் முஸூரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். ஐவர் மூச்சும் முன்கண்ணாடியில் படிந்து சாலையை மறைத்துவிட்டது. ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துடைத்தார். இரண்டு வளைவு தாண்டுமுன் மறுபடி மங்கிற்று. கணப்பின் பிடியை முழுதும் தள்ளியும் வந்தது வெதுவெதுப்பான காற்றுதான். உயிரோடு ஊர் சேர்ந்ததும் அந்தப் பெட்டியைக் கழற்றிப் பார்ப்பதென்று தீர்மானித்தேன்.

பெட்டியின் சூட்சுமம் எளிது. என்ஜினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்கே சக்கரத்தைச் சேர்கிறது. மிஞ்சிய வெப்பத்தில் ஒரு பகுதியை, என்ஜினைச் சுற்றி ஓடும் நீர் வாங்கிக்கொள்கிறது. அந்த நீரில் கொஞ்சத்தை இரண்டு ரப்பர் குழாய்கள் முகப்புப் பலகையின் பின்னாலுள்ள ஒரு சிறிய ரேடியேட்டருக்குக் கொண்டுவந்து, திரும்ப எடுத்துச் செல்கின்றன. ஒரு விசிறி அதன் வழியே காற்றை ஊதுகிறது. அக்காற்று கண்ணாடிக்கா, காலுக்கா என்பதைத் தகட்டுக் கதவுகள் தீர்மானிக்கின்றன.

சூடான காற்று பட்டால் கண்ணாடி ஏன் தெளிகிறது? 5 பாகைக் காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம் நீராவியையே தாங்கும்; 30 பாகைக் காற்றோ 30 கிராம் தாங்கும். ஆகவே, பனி நிறைந்த மலைக்காற்றும் சூடேறியதும் வறண்ட காற்றாகிவிடுகிறது; கண்ணாடியின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. கண்ணாடியும் வெப்பமடைவதால் மூச்சு அதில் படிவதில்லை.

மிஸ்திரி வண்டியைப் பார்த்து, "ரேடியேட்டர் அடைத்துவிட்டது, புதிது போடுங்கள்" என்றார். நானும் தலையாட்டினேன். பிறகுதான் குழாய்களைத் தொட்டுப் பார்க்கத் தோன்றிற்று. என்ஜின் நன்றாகச் சூடேறி, விசிறி முழு வேகத்தில் சுழல்கையில், போகும் குழாயும் வரும் குழாயும் ஒரே மாதிரி சுட்டன. அடைப்பு இருந்தால் ஒன்று ஆறியிருக்க வேண்டுமே! நீர் தாராளமாக ஓடுகிறது, ஆனால் வெப்பத்தைக் கொடுக்காமலே திரும்புகிறது. அப்படியானால் குற்றம் நீரிடம் இல்லை, காற்றிடம்.

என்ஜின் ஆறியபின் நீரை வடித்தோம். உறைதடுப்பு கலந்த நீர் இனிக்கும், ஆனால் கொடிய நஞ்சு. நாய் நக்காதபடி மூடிவைக்க வேண்டும். முகப்புப் பலகையை இறக்கவே ஒரு நாள் பிடித்தது. கம்பி ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டினேன். அதைச் செய்யாதவன் பின்னால் அழுவான். பெட்டி இரண்டு பிளாஸ்டிக் பாதிகள். எஃகுக் கவ்விகள் பிடித்திருந்தன. ஒரு கவ்வி துள்ளிப் போனது இன்றுவரை அகப்படவில்லை.

உள்ளே, கதவுகளின் விளிம்பில் இருக்க வேண்டிய நுரைப்பஞ்சு கறுப்புப் பொடியாக உதிர்ந்து ரேடியேட்டரின் இதழ்களில் அப்பியிருந்தது. இரண்டு ஆண்டுகளாக எங்கள் மடியில் விழுந்ததும் அதுதான். சாலைத் தூசி என்று தட்டிவிட்டுக்கொண்டிருந்தோம்! வெப்பமும் ஈரமும் அப்பஞ்சைச் சிதைத்துவிடுகின்றன. பஞ்சு போனதும் கதவு சரியாக மூடாது. காற்று ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு ஓடிவிடும்.

இதழ்களை மென்மையான தூரிகையால் கழுவினோம். ஒரு வாயை அடைத்து, மறு வாயில் சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றேற்றி, வாளி நீரில் அமிழ்த்தினோம், குமிழி வரவில்லை. இன்னொரு முறை பலகையை இறக்க யாருக்கும் விருப்பமில்லாததால், இச்சோதனையை விடக்கூடாது. கதவுகளின் துருவைத் தேய்த்து வர்ணம் பூசி, நீர் புகாத நுரை ரப்பரை ஒட்டினேன். முதலில் 10 மில்லிமீட்டர் கனம் ஒட்டி, கதவு மூடாமல், எல்லாவற்றையும் உரித்து 5 மில்லிமீட்டர் ஒட்டியது தனிக் கதை.

வெளியே 9 பாகை இருந்த காலையில், கண்ணாடியின் கீழ்த் துவாரத்தில் வெப்பமானி வைத்தேன். முன்பு 27 காட்டியது, இப்போது 51 காட்டிற்று. இடது மூலை மட்டும் இன்னும் சற்று மங்குகிறது. அங்கே போகும் காற்றுக்குழாயில் ஒரு கீறல். இப்போதைக்குத் துணிப்பட்டை சுற்றியிருக்கிறேன்.